பொதுமக்கள் ஆதரவு என்னும் எண்: அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கஞ்சா சட்டபூர்வமாக்க அரசியல் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதற்கான ஆதரவு 1969-இல் 12 விழுக்காடாக இருந்து 2023-இல் 70 விழுக்காடாக உயர்ந்ததைக் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. இதே காலத்தில் 24 மாநிலங்கள் வயதுவந்தோரின் பயன்பாட்டை அனுமதித்துள்ளன. இவ்விரண்டையும் காரண காரியமாக இணைத்து, மக்கள் கருத்து மாறியதால் சட்டம் மாறியது என விளக்குவது பெருவழக்காக உள்ளது. இவ்விளக்கத்தை இக்கட்டுரை திறனாய்வுக்கு உட்படுத்துகிறது. ஆதரவு என்னும் எண் வினாவின் அமைப்பால் உருவாவது, அரசமைப்பு வாயில்களால் வடிகட்டப்படுவது, சட்ட வாசகத்தை எழுதுவோரால் பயன்படுத்தப்படுவது என்பன இங்கு நிறுவப்படுகின்றன. எனவே பொதுமக்கள் ஆதரவைச் சட்ட மாற்றத்தின் காரணமாகக் கொள்வதைவிட, பல தரப்பினர் உரிமை கோரும் அரசியல் வளமாகக் கொள்வதே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: கஞ்சா, சட்டபூர்வமாக்கல், குற்றநீக்கம், பொதுமக்கள் கருத்து, கருத்துக்கணிப்பு, மக்கள் முன்மொழிவு, கூட்டாட்சி.

முன்னுரை

மக்களாட்சியில் பெரும்பான்மையினர் விரும்புவது சட்டமாக வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அது சட்டமாகாதபோது ஆட்சியாளர்கள் மக்களுக்குச் செவிசாய்க்கவில்லை என்கிறோம். சட்டமாகும்போது மக்கள் வென்றனர் என்கிறோம். இவ்விரு கூற்றுகளுக்கும் அடியில் ஒரே கருதுகோள் இருக்கிறது. மக்களின் விருப்பம் என ஒன்று முன்கூட்டியே தெளிவாக இருக்கிறது. கருத்துக்கணிப்பு அதை அளக்கிறது. சட்டம் அதைப் பின்பற்றுகிறது அல்லது மறுக்கிறது என்பதே அக்கருதுகோள்.

இக்கருதுகோளைச் சோதிப்பதற்குக் கஞ்சா பற்றிய அமெரிக்க அனுபவம் மிகவும் ஏற்ற களமாகும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே நிறுவனம் ஏறத்தாழ ஒரே வினாவைக் கேட்டு வந்துள்ளது. அதே காலத்தில் மாநில வாக்கெடுப்புகள், சட்டமன்ற முடிவுகள், நீதிமன்றத் தீர்ப்புகள், கூட்டாட்சி அரசின் ஆணைகள் எனப் பலவகை அரசியல் நிகழ்வுகள் நடந்துள்ளன. எண்ணையும் நிகழ்வையும் அருகருகே வைத்து நோக்கும் வாய்ப்பு பிற துறைகளில் இவ்வளவு எளிதாகக் கிட்டுவதில்லை.

கஞ்சா நல்லதா தீயதா, அதை அனுமதிக்கலாமா கூடாதா என்பவை இக்கட்டுரையின் வினாக்கள் அல்ல. ஆதரவு பற்றிய பேச்சு எவ்வாறு அரசியலில் செயல்படுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கலைச்சொல் வரையறை

தமிழில் இப்பொருள் குறித்துப் பேசும்போது வெவ்வேறு நடவடிக்கைகள் ஒரே சொல்லால் சுட்டப்படுவதுண்டு. ஆகவே, இக்கட்டுரையில் நான்கு சொற்கள் வேறுபடுத்தி ஆளப்படுகின்றன. சிறிதளவு வைத்திருப்பதற்குச் சிறைத்தண்டனையை நீக்கி, விற்பனையைக் குற்றமாகவே வைத்திருப்பது குற்றநீக்கம். நோயாளிகளுக்கு மட்டும் பயன்பாட்டை அனுமதிப்பது மருத்துவ அனுமதி. வயதுவந்தோரின் பயன்பாட்டையும் பெரும்பாலும் விற்பனையையும் உரிமம், வரி ஆகியவற்றுடன் ஏற்பது சட்டபூர்வமாக்கல். கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலில் கடுமை குறைந்த பிரிவுக்கு மாற்றுவது அட்டவணை மாற்றம். ஒருவர் இவற்றுள் ஒன்றை ஆதரித்து மற்றொன்றை எதிர்க்கக் கூடும். பின்வரும் வாதத்திற்கு இவ்வேறுபாடு அடிப்படையாகும்.

எண்ணின் வரலாறு

கூட்டாட்சி அளவில் கஞ்சாத் தடை 1937-ஆம் ஆண்டின் மரிவானா வரிச் சட்டத்துடன் தொடங்குகிறது. கூட்டாட்சிப் போதைப்பொருள் பணியகத்தின் தலைவராக இருந்த ஹாரி அன்ஸ்லிங்கர் இச்சட்டத்திற்காக முனைந்து வாதிட்டார். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வில்லியம் வுட்வர்ட் காங்கிரஸ் குழுவின்முன் இதனை எதிர்த்தார். அவ்வெதிர்ப்பு பொருட்படுத்தப்படவில்லை. 1970-ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் கஞ்சாவை முதல் அட்டவணையில் வைத்தது. ஏற்கத்தக்க மருத்துவப் பயன் இல்லாதவை, தவறான பயன்பாட்டுக்கு மிகுந்த வாய்ப்புள்ளவை எனக் கருதப்படும் பொருள்களுக்கான பிரிவு அது.

கேலப் நிறுவனம் இப்பொருள் குறித்து முதன்முதலில் வினவியது 1969-இல்தான். அதாவது, தடை நடைமுறைக்கு வந்து 32 ஆண்டுகளுக்குப் பின்னரே அதற்கு ஆதரவு உண்டா என்னும் வினா எழுப்பப்பட்டது. இது கால வரிசை பற்றிய ஒரு சிறு செய்தி மட்டுமன்று. தடையை இயற்றியவர்கள் பெரும்பான்மை விழுக்காட்டைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. தடையை நீக்க முனைவோர் அதைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆதரவை மெய்ப்பிக்கும் சுமை ஒரு தரப்பின்மீது மட்டும் விழுந்துள்ளது. இச்சமனின்மையை, ஆதரவின் வளர்ச்சியை மட்டும் விவரிக்கும் ஆய்வுகள் கண்டுகொள்வதில்லை.

1969-இல் 12 விழுக்காடாக இருந்த ஆதரவு 1977-இல் 28 விழுக்காடானது. பின்னர் அது ஏறவில்லை. 1985-இல் 23 விழுக்காடாகச் சரிந்தது. 2000-இல் 31, 2011-இல் 50, 2013-இல் 58, 2023-இல் 70 எனப் பின்னர் உயர்ந்தது. இவ்வரிசையைப் படிப்படியான முன்னேற்றமாகக் காண்பது எளிது. ஆனால், 1970-களின் நிகழ்வுகள் வேறொன்றை உணர்த்துகின்றன.

1972-இல், அதிபர் நிக்சன் காலத்தில் அமைந்த தேசிய ஆணையம், பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநர் ரேமண்ட் ஷேஃபர் தலைமையில், சொந்தப் பயன்பாட்டுக்காகக் கஞ்சா வைத்திருப்பதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது. நிக்சன் அதனை ஏற்கவில்லை. எனினும் 1973-இல் ஒரேகான் குற்றநீக்கம் செய்தது. அப்பத்தாண்டு முடிவதற்குள் மேலும் பத்து மாநிலங்கள் அவ்வழி சென்றன. 1977-இல் அதிபர் கார்ட்டர் ஓர் அவுன்ஸ் வரை வைத்திருப்பதற்குரிய கூட்டாட்சித் தண்டனையை நீக்குமாறு காங்கிரசைக் கேட்டுக்கொண்டார். இவை அனைத்தும் ஆதரவு 30 விழுக்காட்டைக்கூட எட்டாத காலத்தில் நடந்தவை. ஆதரவு 60 விழுக்காட்டைக் கடந்து பல ஆண்டுகள் ஆன பின்னரும் கூட்டாட்சி அளவில் தடை நீங்கவில்லை. 2020 டிசம்பரிலும் 2022 ஏப்ரலிலும் பிரதிநிதிகள் அவை கஞ்சாவைப் பட்டியலிலிருந்து அகற்றும் சட்டவரைவை நிறைவேற்றியது. செனட் அவை இருமுறையும் அதனை எடுத்துக்கொள்ளவில்லை. குறைந்த ஆதரவில் மாற்றமும் மிகுந்த ஆதரவில் தேக்கமும் நிகழ்ந்துள்ள நிலையில், எண்ணை மட்டும் காரணமாகக் கொள்ளும் விளக்கம் போதுமானதாகாது.

வினாவும் விடையும்

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1972-இல் ஆற்றிய உரையொன்றில், கருத்துக்கணிப்புகள் முன்வைக்கும் பொருளில் பொதுமக்கள் கருத்து என ஒன்று இல்லை என வாதிட்டார். எல்லாரிடமும் கருத்து உண்டு, எல்லாக் கருத்துகளும் சம எடையுடையவை, எவ்வினாக்கள் கேட்கத்தக்கவை என்பதில் அனைவருக்கும் உடன்பாடு உண்டு என்னும் மூன்று கருதுகோள்களைக் கருத்துக்கணிப்பு தன்னையறியாமல் ஏற்றுக்கொள்கிறது என்பது அவர் கருத்து. மூன்றாவது கருதுகோள் கஞ்சா குறித்த கணிப்புகளுக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

கேலப் வினா கஞ்சாப் பயன்பாடு சட்டபூர்வமாக்கப்பட வேண்டுமா வேண்டாமா என இரண்டு விடைகளை மட்டும் தருகிறது. பியூ ஆய்வு மையமோ மூன்று விடைகளை முன்வைக்கிறது. 2024 ஜனவரியில் அம்மையம் நடத்திய கணிப்பில் மருத்துவத்திற்கும் பொழுதுபோக்கிற்கும் அனுமதிக்கலாம் என்றோர் 57 விழுக்காட்டினர். மருத்துவத்திற்கு மட்டும் என்றோர் 32 விழுக்காட்டினர். எதற்கும் கூடாது என்றோர் 11 விழுக்காட்டினர். இரண்டு விடைகள் மட்டும் இருந்த கேலப் கணிப்பில் சில மாதங்களுக்கு முன்னர்ப் பதிவான ஆதரவு 70 விழுக்காடு.

இரு நிறுவனங்களின் கணிப்பு முறைகளும் வேறுவேறானவை. ஆகவே வேறுபாடு முழுவதையும் வினாவின்மேல் ஏற்றுவது முறையாகாது. ஆயினும், பியூ கணிப்பின் 32 விழுக்காட்டினர் யார் என்பது கருதத்தக்கது. இரு விடைகளே உள்ளபோது அவர்களுள் சிலர் ஆதரவுப் பக்கமும் சிலர் எதிர்ப்புப் பக்கமும் சேர வேண்டியுள்ளது. ஆதரவாளர் அவர்களை ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஏதோவொரு வகை அனுமதியை விரும்புவதற்குச் சான்றாக்குகின்றனர். எதிர்ப்பாளர் அவர்களையே, பத்தில் நால்வருக்கு மேற்பட்டோர் பொழுதுபோக்குப் பயன்பாட்டை ஏற்கவில்லை என்பதற்குச் சான்றாக்குகின்றனர். ஒரே கணிப்பு இரு எதிர்நிலைகளுக்கும் இடம் தருகிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. கேலப் வினா பயன்பாட்டைப் பற்றியது. இன்று மாநிலங்கள் இயற்றும் சட்டங்களோ பயிரிடல், உரிமம், விற்பனை, விளம்பரம், வரி ஆகியவற்றைப் பற்றியவை. பயன்படுத்துபவரைச் சிறையில் அடைக்கக் கூடாது எனக் கருதும் ஒருவர், பெருநிறுவனங்கள் தெருவெங்கும் கடை திறப்பதை விரும்புகிறார் எனக் கொள்ள இயலாது. வாக்கெடுப்பே இதற்குச் சான்று தருகிறது. ஓஹியோவில் 2015-இல் வைக்கப்பட்ட முன்மொழிவு, வணிகப் பயிரிடலை அதற்கு நிதியளித்தோரின் பத்து இடங்களுக்கு மட்டும் உரிமையாக்கியது. ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்ததால் அது தோற்றது. அதே நாளில், முற்றுரிமைகளை மாநில அரசமைப்பில் எழுதுவதைத் தடுக்கும் திருத்தம் வென்றது. 2023-இல் அவ்வகை முற்றுரிமை இல்லாத முன்மொழிவு 57 விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேறியது. இடைப்பட்ட எட்டாண்டுகளில் நாடு தழுவிய ஆதரவும் கூடியதுதான். எனினும் 2015-இன் தோல்வியைக் கஞ்சா எதிர்ப்பாக மட்டும் வாசித்தால், வாக்காளர் எதை மறுத்தனர் என்பது மறைந்துவிடும்.

ஆதரவு கடந்து செல்லும் வாயில்கள்

கருத்து சட்டமாவதற்குச் சில வாயில்களைக் கடந்தாக வேண்டும். அவ்வாயில்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. அமெரிக்க மாநிலங்களுள் ஏறத்தாழப் பாதியில்தான் குடிமக்கள் கையொப்பம் திரட்டித் தாமே ஒரு சட்டத்தையோ அரசமைப்புத் திருத்தத்தையோ வாக்கெடுப்புக்கு வைக்க முடியும். இம்மக்கள் முன்மொழிவு முறையே கஞ்சா இயக்கத்தின் முதன்மைக் கருவியாக அமைந்தது. கலிபோர்னியா 1996-இல் மருத்துவ அனுமதி அளித்தது இம்முறையால்தான். 2012-இல் கொலராடோவும் வாஷிங்டனும் முதன்முதலாகச் சட்டபூர்வமாக்கியதும் இம்முறையால்தான். வயதுவந்தோர் பயன்பாட்டை ஏற்ற முதல் எட்டு மாநிலங்களும் வாக்கெடுப்பின் வழியே ஏற்றன. சட்டமன்றத்தின் வழியாக ஏற்ற முதல் மாநிலம் வெர்மாண்ட்; ஆண்டு 2018. இன்றுள்ள 24 மாநிலங்களுள் 15 வாக்கெடுப்பாலும் 9 சட்டமன்றத்தாலும் சட்டபூர்வமாக்கியவை.

இதன் உட்பொருள் எளியது. மக்கள் முன்மொழிவு முறை இல்லாத டெக்சாஸ் போன்ற மாநிலத்தில் ஆதரவு எவ்வளவு இருந்தாலும் அதற்கு நேரடி வழியில்லை. ஆதரவின் அளவு ஒன்றாகவே இருப்பினும், அது பேசுவதற்கான வாய் ஓரிடத்தில் உண்டு, மற்றோரிடத்தில் இல்லை.

வழி இருக்கும் இடங்களிலும் வாயிலின் உயரம் ஒன்றாக இல்லை. 2022-இல் மிசூரியில் 53 விழுக்காட்டு வாக்குகளால் அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது. 2024-இல் புளோரிடாவில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் ஆதரித்தும் திருத்தம் தோற்றது. புளோரிடாவில் அரசமைப்புத் திருத்தத்திற்கு 60 விழுக்காடு தேவை என்னும் விதி 2006-இல் ஏற்கப்பட்டது. அவ்விதியை ஏற்றோர் 58 விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள். தான் விதிக்கும் அளவைத் தானே எட்டாத ஒரு விதி, பின்வந்த பெரும்பான்மையைத் தோல்வியாக்கியது. புளோரிடா மக்கள் கஞ்சாவை நிராகரித்தனர் என்னும் தலைப்புச்செய்தியும், பெரும்பான்மையோர் ஆதரித்தனர் என்னும் தலைப்புச்செய்தியும் ஒருங்கே உண்மையாக அமையும் நிலை இது.

வென்ற பின்னரும் வாயில்கள் உண்டு. தெற்கு டகோட்டாவில் 2020-இல் 54 விழுக்காட்டு ஆதரவுடன் வென்ற திருத்தத்தை, ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களை உள்ளடக்கியது என்னும் காரணத்தால் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. மாநில உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் அதனை உறுதி செய்தது. அதன்பின் 2022-லும் 2024-லும் நடந்த வாக்கெடுப்புகளில் ஆதரவாளர் தோற்றனர். தலைநகரான வாஷிங்டன் டி.சி.யில் 2014-இல் மூன்றில் இரு பங்கினர்க்கு அண்மையோர் ஆதரித்து வாக்களித்தனர். ஆயினும், வரவுசெலவுச் சட்டத்தில் காங்கிரஸ் சேர்த்த கட்டுப்பாட்டால் அங்கு விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்ற முடியவில்லை. வைத்திருக்கலாம், ஆனால் முறைப்படி விற்கவோ வாங்கவோ இயலாது என்னும் முரண்நிலை அங்கு உருவானது.

வாசகத்தை எழுதுவோர்

வாக்காளர் ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்கிறார். எதற்கு ஆம் சொல்ல வேண்டும் என்பதை முன்மொழிவை எழுதியவர் ஏற்கனவே தீர்மானித்துவிடுகிறார். ஆதரவின் அரசியல் விளைவு இங்குதான் முடிவாகிறது.

கொலராடோவின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், உற்பத்தி வரியின் முதல் 4 கோடி டாலரைப் பள்ளிக் கட்டடங்களுக்கு ஒதுக்கியது. மதுவைப் போலக் கஞ்சாவை ஒழுங்குபடுத்தலாம் என்பது அதன் முழக்கம். முன்னர்த் தண்டிக்கப்பட்டோரின் குற்றப்பதிவை நீக்கும் ஏற்பாடு அத்திருத்தத்தில் இல்லை. அதுவரை வழக்குக்கு உள்ளான ஒருவர், நேற்றுவரை தம்மைக் குற்றவாளியாக்கிய பொருளைக் கடையில் வாங்கலாம்; ஆனால், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அப்பழைய பதிவு அவருடன் வரும்.

இக்குறை எத்தகையது என்பதை அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை விளக்குகிறது. 2001 முதல் 2010 வரை கஞ்சா தொடர்பாக 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கைதுகள் நடந்தன. அவற்றுள் 88 விழுக்காடு வைத்திருந்ததற்காக மட்டும் நிகழ்ந்தவை. வெள்ளையரும் கறுப்பரும் ஏறத்தாழ ஒரே அளவில் பயன்படுத்தியபோதும், கறுப்பர் கைதாகும் வாய்ப்பு 3.73 மடங்கு மிகுதியாக இருந்தது. அதே அமைப்பின் பிந்தைய அறிக்கை 2018-இல் இவ்விகிதம் 3.64 எனக் காட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆதரவு பெருகியது. சட்டபூர்வமாக்கிய மாநிலங்களும் பெருகின. நாடு தழுவிய ஏற்றத்தாழ்வு மட்டும் பெரிதும் அசையவில்லை.

இழப்பீடு என்னும் கருத்து பின்னர்தான் சட்ட வாசகங்களில் இடம்பெறத் தொடங்கியது. 2016-இல் கலிபோர்னியாவின் முன்மொழிவு, தண்டனை பெற்றோர் மறுஆய்வு கோர வழி செய்தது. இல்லினாய்ஸ் 2019-இல் சட்டமன்றத்தின் வழியாகச் சட்டபூர்வமாக்கி, குற்றப்பதிவு நீக்கத்தையும் உரிமம் வழங்குவதில் முன்னுரிமையையும் சேர்த்தது. நியூயார்க்கின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், தடையால் பாதிக்கப்பட்ட சமுதாயங்களுக்கு வரி வருவாயில் 40 விழுக்காட்டை ஒதுக்கியது. மிசூரியின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் தானாகவே குற்றப்பதிவு நீங்கும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. எனினும், ஏற்கனவே மருத்துவ உரிமம் பெற்றிருந்த நிறுவனங்களுக்கு அது முதலிடம் தந்தது எனக் குறைகூறப்பட்டது.

இச்சட்டங்களின் வேறுபாட்டை ஆதரவு விழுக்காட்டால் விளக்க இயலாது. கொலராடோவில் ஆதரித்த 55 விழுக்காட்டினரிடம் குற்றப்பதிவு பற்றி வினவப்படவில்லை. இழப்பீட்டை அவர்கள் மறுக்கவில்லை. அது அவர்கள்முன் வைக்கப்படவேயில்லை. புளோரிடாவின் 2024-ஆம் ஆண்டு முயற்சிக்கு அங்குள்ள மிகப்பெரிய மருத்துவக் கஞ்சா நிறுவனமான ட்ரூலீவ் பெரும்பங்கு நிதியளித்தது. மக்கள் விருப்பமும் நிறுவனத்தின் சந்தை விரிவும் அங்கு ஒரே வாக்குச்சீட்டில் இடம்பெற்றன. எது எதைச் சுமந்து செல்கிறது என்பதை வாக்கு எண்ணிக்கை சொல்லாது.

கூட்டாட்சி அரசின் அட்டவணை மாற்ற முயற்சியும் இக்கோணத்தில் நோக்கத்தக்கது. 2023 ஆகஸ்டில் நலத்துறை, கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றப் பரிந்துரைத்தது. 2024 மே மாதத்தில் அதற்கான விதிமுன்மொழிவு வெளியானது. முதலிரு அட்டவணைப் பொருள்களை விற்போர் வழக்கமான தொழிற்செலவுகளை வருமான வரியில் கழிக்க முடியாது என வரிச்சட்டத்தின் ஒரு பிரிவு 1982 முதல் தடுக்கிறது. மூன்றாம் அட்டவணைக்கு மாறினால் இத்தடை நீங்கும். ஆனால், அம்மாற்றம் மட்டும் பழைய தண்டனைகளை நீக்காது. மாநிலங்களின் சட்டபூர்வ விற்பனையைக் கூட்டாட்சிச் சட்டத்துடன் இணங்கச் செய்யவும் செய்யாது. 70 விழுக்காட்டினர் ஆதரவின் பெயரால் முன்வைக்கப்படும் ஒரு நடவடிக்கையின் உடனடிப் பயன் வணிகத்துக்கே மிகுதி.

எதிர்ச்சான்று: உருகுவே

ஆதரவு சட்டத்திற்கு முன்னே செல்ல வேண்டும் என்னும் கருத்தை உருகுவே மறுக்கிறது. 2013 டிசம்பரில், ஹோசே முஹிக்கா அதிபராக இருந்தபோது, உலகில் முதன்முதலாக நாடு முழுவதும் கஞ்சா உற்பத்தியையும் விற்பனையையும் சட்டபூர்வமாக்கியது அந்நாடு. அக்காலக் கணிப்புகளில் மக்களுள் பெரும்பான்மையோர் அதனை எதிர்த்தனர். கடத்தல் கும்பல்களின் சந்தையைப் பறிப்பது அரசு கூறிய காரணம். அதனால் அங்கு உருவான அமைப்பும் வேறுபட்டது: பயனர் பதிவு, வீட்டில் வளர்ப்பதற்கு வரம்பு, உறுப்பினர் கழகங்கள், மருந்தகங்களில் அரசு கட்டுப்பாட்டு விலையில் விற்பனை. மருந்தக விற்பனை 2017-இல்தான் தொடங்கியது.

எதிர்ப்பின் நடுவே பிறந்த சட்டம் எச்சரிக்கையான அமைப்பைத் தந்தது. ஆதரவின் நடுவே பிறந்த அமெரிக்கச் சட்டங்கள் பெரும்பாலும் திறந்த சந்தையைத் தந்தன. இவ்விரண்டுக்கும் அரசமைப்பு, பொருளாதாரம் சார்ந்த வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், ஆதரவு மிகுந்தால் மக்களுக்கு உகந்த சட்டம் தானே அமையும் என்னும் நம்பிக்கைக்கு இவ்வொப்பீடு இடம் தரவில்லை.

மாற்றுக் கருத்தும் மறுமொழியும்

மேற்கண்ட வாதத்திற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் 2010-இல் வைக்கப்பட்ட சட்டபூர்வமாக்க முன்மொழிவு 46.5 விழுக்காடு பெற்றுத் தோற்றது. அதே மாநிலத்தில், அதே வாயிலில், 2016-இல் வைக்கப்பட்டது 57 விழுக்காடு பெற்று வென்றது. இடையில் மாறியது மக்கள் கருத்துதானே என வினவலாம்.

இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. வாக்கெடுப்பு நடக்கும் இடத்தில் ஆதரவு இன்றியமையாதது. அதை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ஆனால், அவ்வாதரவு ஏன் மாறியது என்னும் வினா எஞ்சுகிறது. ஃபெல்சன், ஆடம்சிக், தாமஸ் ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, இளந்தலைமுறை முதியோரின் இடத்தைப் பிடித்ததால் மட்டும் இம்மாற்றம் நிகழவில்லை எனக் காட்டுகிறது. வயது, சமயம், கட்சி ஆகிய எல்லைகளைக் கடந்து ஏறத்தாழ எல்லாப் பிரிவினரிடமும் அது நிகழ்ந்துள்ளது. ஊடகங்கள் கஞ்சாவைக் குற்றப்பொருளாக அன்றி மருத்துவப் பொருளாகக் காட்டத் தொடங்கியதை அவர்கள் முக்கிய காரணமாகச் சுட்டுகின்றனர். குடியரசுக் கட்சியினரிடம்கூட 2017-இல் கேலப் கணிப்பில் ஆதரவு 51 விழுக்காட்டை எட்டியது.

ஊடகங்கள் மருத்துவம் பற்றிப் பேச நேர்ந்ததில் கலிபோர்னியாவின் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் அதைத் தொடர்ந்த பிற மாநிலச் சட்டங்களுக்கும் பங்குண்டு எனக் கருத இடமிருக்கிறது. அவ்வாறாயின், சட்டம் கருத்தைப் பின்பற்றியது போலவே கருத்தும் சட்டத்தைப் பின்பற்றியுள்ளது. 1977-க்குப் பின் ஏற்பட்ட சரிவும் இதனையே வேறு திசையில் காட்டுகிறது. பெற்றோர் இயக்கங்களும் ரீகன் அரசின் போதைப்பொருள் எதிர்ப்புப் பரப்புரையும் பேசப்படும் பொருளை மாற்றின, விழுக்காடும் மாறியது. எனவே ஆதரவு அரசியலுக்கு வெளியே நின்று அதை இயக்கும் விசை அன்று. அரசியலுக்கு உள்ளேயே உருவாகிக் கரைவது.

இந்தியச் சூழலுக்கு இதன் பொருத்தம்

அமெரிக்கச் செய்திகள் தமிழில் வாசிக்கப்படும்போது, உலகம் அனுமதிக்கிறது, நாம் தடுக்கிறோம் என்றோ, மேலைநாடுகள் சீரழிகின்றன என்றோ இரு முனைகளில் விவாதம் நின்றுவிடுகிறது. இரண்டுமே விழுக்காட்டை முகமதிப்பில் ஏற்பவை. இந்தியாவின் சொந்த ஆவணங்களே வேறு அணுகுமுறைக்கு வழி காட்டுகின்றன. 1893–94-இல் இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழுத் தடையை ஏற்காமல், வரியும் உரிமமும் சார்ந்த கட்டுப்பாட்டைப் பரிந்துரைத்தது. யார் எப்பகுதியில் எவ்வடிவில் எதற்காகப் பயன்படுத்துகின்றனர் என்று அவ்விசாரணை பிரித்துக் கேட்டது. குடியேற்ற ஆட்சியின் வருவாய் நலனும் அதில் கலந்திருந்தது. ஆயினும், ஆம், இல்லை என்னும் இருமையைக் காட்டிலும் அதன் வினாக்கள் விரிந்தவை.

1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டமும் செடியை ஒரே பொருளாகக் கொள்ளவில்லை. பூக்கும், காய்க்கும் நுனிகளைக் கஞ்சா என வரையறுத்து, நுனிகளுடன் சேராத விதையையும் இலையையும் அவ்வரையறையிலிருந்து விலக்கியது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணையம், 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்க 27-க்கு 25 என்னும் வாக்குகளில் முடிவெடுத்தது. இந்தியா நீக்கத்தை ஆதரித்து வாக்களித்தது. எனினும் கஞ்சா அவ்வுடன்படிக்கையின் முதல் அட்டவணையில் தொடர்கிறது. இதனைச் சட்டபூர்வமாக்கல் எனக் குறிப்பது பிழை. அது அட்டவணை மாற்றம் மட்டுமே. கலைச்சொல் வரையறை வெறும் மொழிச்சிக்கல் அன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு.

கஞ்சா குறித்த ஆதரவு விழுக்காடு வினாவின் அமைப்பைச் சார்ந்தது. பயன்பாடு பற்றிய ஆதரவை வணிகம் பற்றிய ஆதரவாகக் கொள்வது தருக்கப் பிழை.

ஒரே அளவு ஆதரவு வெவ்வேறு அரசமைப்பு வாயில்களில் வெவ்வேறு முடிவுகளைத் தந்துள்ளது. மிசூரியும் புளோரிடாவும் இதற்குத் தெளிவான சான்றுகள்.

ஆதரவு திரண்ட பின்னர் அதன் பயனைத் தீர்மானிப்பது சட்ட வாசகமே. வாசகத்தில் இடம்பெறாதவர்கள், குறிப்பாகத் தடையின் காலத்தில் தண்டிக்கப்பட்டவர்கள், பெரும்பான்மையின் வெற்றியிலும் விடுபட்டுப் போகின்றனர்.

ஆகவே, இத்துறையில் எத்தனை விழுக்காட்டினர் ஆதரிக்கின்றனர் என்னும் வினாவுடன் ஆய்வு நின்றுவிடலாகாது. எதை ஆதரிக்குமாறு அவர்கள் கேட்கப்பட்டனர், கேட்டவர் யார், அவ்விடையை யார் எதற்குப் பயன்படுத்தினர் என்னும் வினாக்களையும் உடன் எழுப்ப வேண்டும். மதுவிலக்கு, சூதாட்டத் தடை முதலிய பிற தடைச்சட்டங்கள் பற்றிய தமிழ் ஆய்வுகளுக்கும் இவ்வினாக்கள் பயன்படும்.